மாடு திடீரென இறந்தால்: கத்தி எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்டவர்கள் நம் முன்னோர். ஒரு ஜோடி எருது போயிற்றென்றால் அவ்வருஷத்து வெள்ளாமையே போயிற்று என்று அக்காலத்துக் குடியானவர்கள் கணக்கிட்டார்கள். டிராக்டர் வந்துவிட்ட இந்நாளிலும், கறவைப் பசுவும் எருமையுமே அநேக குடும்பங்களுக்கு அன்றாடம் காசு காட்டும் செல்வமாக இருந்து வருகின்றன. அத்தகைய பிராணி மாலையில் வழக்கம்போல் தீனி தின்று, காலையில் கட்டுத்தறியில் மாண்டு கிடக்குமாயின், உடையவர் மனங்கலங்குவது இயல்பே. ஆனால் அந்தக் கலக்கத்தில் செய்யப்படும் ஒரு காரியம், இறந்த மாட்டின் நஷ்டத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய நஷ்டத்தை ஊருக்கு உண்டாக்கிவிடக்கூடும். அது யாதெனில், இறந்ததன் காரணம் தெரியுமுன் அதன் உடலில் கத்தி வைப்பதேயாம்.

நோயின் வெளிக்குறிகள் எவ்வளவு தூரம் நமக்கு வழிகாட்டும், எந்த இடத்தில் அவை நம்மை ஏமாற்றும், அவ்விடத்தில் ஒரு துளி இரத்தத்தின் பரிசோதனை எங்ஙனம் உண்மையைத் தெரிவிக்கும் என்பனவற்றை விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதுகிறவன் மிருக வைத்தியன் அல்லன்; விவசாயத்தில் டிப்ளமா பெற்று, வயல்தோறும் சென்று விதையும் எருவும் பற்றிப் பேசி வருகிறவன். ஆயினும் இவ்விஷயத்தில் நானே ஒரு முறை பிழை செய்து, அதன் விளைவைக் கண்ணாரக் கண்டேன். அப்பிழையை மறைக்காமல் சொல்வது பிறர்க்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

நான் கண்ட நிகழ்ச்சி

2012ஆம் வருஷம் ஆடி மாதம். கோடையில் புல்பூண்டு யாவும் தீய்ந்து, பின்பு திடீரென நல்ல மழை பெய்திருந்த சமயம். மலையடிவாரத்திலுள்ள ஒரு கிராமத்திற்குக் கேழ்வரகு நாற்று நடவு காட்டுவதற்காக நான் சென்றிருந்தேன். அங்கு ஒரு குடியானவருடைய எருது, நாலு பல் போட்ட வாலிப எருது, இரவில் இறந்துவிட்டது. வயிறு உப்பி, கால்கள் விறைக்காமல் கிடந்தது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருநிறமான இரத்தம் கசிந்து, உறையாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"விரியன் தீண்டியிருக்க வேண்டும் ஐயா, இரத்தம் உறையவில்லை, பாருங்கள்" என்றார் உடையவர். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறையவொட்டாமல் செய்யும் என்பதை நானும் படித்திருந்தேன். ஆகவே, "அப்படித்தான் தோன்றுகிறது" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கச் சென்றேன். உத்தியோகஸ்தர் ஒருவரும் அவ்வாறு சொன்னபின் வேறு யோசனைக்கு இடமேது? தோலுக்காக மாட்டை உரித்தார்கள். வாய்க்கால் ஓரத்துப் புல்தரையில் அவ்வேலை நடந்தது. எஞ்சியதை நாய்கள் இழுத்தன.

ஆறாம் நாள் அதே வாய்க்காலோரம் மேய்ந்த இரண்டு பசுக்கள் ஒரே பகலில் மாண்டன. மறுநாள் இன்னோர் எருது. அப்பொழுதுதான் மிருக வைத்தியருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, உரையணிந்த கையால் இறந்த மாட்டின் காதோரத்திலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துச் சென்றார். அன்று மாலையே அடைப்பான் என்று தெரிந்தது. நான் செய்தி கேட்டு ஓடியபொழுது, முதல் எருதை உரித்த தொழிலாளி தம் முன்கையைக் காட்டினார். அதில் காலணா அளவில் ஒரு புண். அதன் நடுவில் கரிக்கட்டை வைத்தாற்போல் கறுத்திருந்தது, சுற்றிலும் வீக்கம். "வலியே இல்லை ஐயா. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை" என்றார் அவர். வைத்தியர் அவரை அக்கணமே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தக்க மருந்து கிடைத்ததால் அவர் பிழைத்தார். தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. மாட்டின் நஷ்டம் உடையவருக்கு. ஆனால் உயிரின் ஆபத்து கத்தி பிடித்தவருக்கு. என் ஒரு வார்த்தை அதற்குத் துணையாயிற்று என்பதை நான் மறக்கவில்லை.

அடைப்பானின் குறிகள்

அடைப்பான் என்று நம்மவர் வழங்கும் இக்கொடிய நோயை ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கரி என்று பொருள். மனிதருக்கு உண்டாகும் புண்ணின் கரிய நிறத்தால் வந்த பெயர் அது. மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய யாவற்றையும் இந்நோய் தாக்கும். இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியே என்பதை ஜெர்மன் தேசத்தில் ஒரு சிற்றூரில் ஜில்லா வைத்தியராக இருந்த ராபர்ட் கோக் என்பவர் 1876ஆம் வருஷத்தில் நிரூபித்தார்.

மாடு உயிரோடிருக்கும்பொழுது காணக்கூடிய குறிகள் சில மணி நேரமே தோன்றும். ஆரோக்கியமான பசுவின் உடற்சூடு சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும்; இந்நோயில் அது 106, 107 டிகிரி வரை ஏறும். அசை போடுவது நின்றுவிடும். உடல் நடுங்கும், மூச்சு வாங்கும், கண்ணின் உட்புறச் சவ்வு செக்கச்செவேலென்றிருந்து பின் நீலம் பாரிக்கும். கறவை மாட்டில் பால் திடீரெனக் குறையும். சில மாடுகளில் சிறுநீரும் சாணமும் இரத்தம் கலந்து வரும். பெரும்பாலும் இவற்றைக் கவனிப்பதற்கு முன்னரே மாடு விழுந்து இறந்துவிடும்.

இறந்தபின் காணும் குறிகள் மூன்று. முதலாவது, மூக்கு, வாய், ஆசனவாய் முதலிய துவாரங்களில் தார்போல் கறுத்த, உறையாத இரத்தம் கசிதல். இரண்டாவது, உடல் நன்றாக விறைக்காதிருத்தல். மூன்றாவது, வயிறு வெகு சீக்கிரத்தில் உப்பி உடல் அழுகத் தொடங்குதல். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் சந்தேகங்கொள்ள வேண்டும். ஆனால் இவை மூன்றும் இல்லாத மாடும் அடைப்பானால் இறந்திருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

கத்தி படுவதால் நேரும் கேடு

இக்கிருமியின் தன்மை விசித்திரமானது. இறந்த மாட்டின் உடல் அறுபடாமல் மூடியபடி இருக்குமாயின், உள்ளே காற்றுப் படாததாலும் உடல் அழுகுவதாலும் கிருமிகள் சில நாட்களுக்குள் தாமே மாண்டுவிடும். உடலைக் கீறியவுடன் இரத்தம் காற்றில் படுகிறது. காற்றுப் பட்ட கிருமி தன்னைச் சுற்றிக் கடினமான ஓடு ஒன்றை அமைத்துக்கொண்டு வித்தாக மாறுகிறது. நெல்லுக்கு உமி எப்படியோ அப்படி இவ்வித்துக்கு அந்த ஓடு. வெயிலுக்கும் வறட்சிக்கும் அது அஞ்சாது. உப்பிட்டு உலர்த்திய தோலிலும் உயிரோடிருக்கும். மண்ணில் பல்லாண்டு கிடந்து, அவ்விடத்துப் புல்லை மேயும் மாட்டின் வயிற்றில் புகுந்து மீண்டும் முளைக்கும்.

பிரான்சு தேசத்தில் சில நிலங்களில் ஆண்டுதோறும் ஆடுகள் மடிவதைக் கண்ட குடியானவர்கள், அவற்றைச் சாபம் பெற்ற நிலங்கள் என்று ஒதுக்கினார்கள். முன்பு அங்கே புதைக்கப்பட்ட பிராணிகளிலிருந்த வித்துக்களை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று பாஸ்டர் என்னும் பேரறிஞர் 1880ஆம் வருஷத்தில் விளக்கினார். சாபமிட்டது தெய்வமன்று, மேலோட்டமாகப் புதைத்த மனிதனே.

இவ்வித்து எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்துக் கரையை அடுத்த குரூயினார்டு என்னும் சிறு தீவே சாட்சி. யுத்த காலத்தில், 1942ஆம் வருஷத்தில், பிரிட்டிஷ் சர்க்கார் இக்கிருமியை அத்தீவில் ஆடுகளின்மேல் சோதித்துப் பார்த்தனர். அதன்பின் மனிதர் அங்கே கால் வைக்கலாகாதென்று தடுக்கப்பட்டது. 1986ஆம் வருஷத்தில் பார்மலின் மருந்தைக் கடல்நீரில் கலந்து மண் முழுவதும் நனைத்துச் சுத்தம் செய்தபின், 1990ஆம் வருஷத்திலேதான் அது அபாயமற்ற இடமென்று அறிவிக்கப்பட்டது. ஒரு சர்க்காருக்கே 48 வருஷம் பிடித்ததாயின், நம் வாய்க்காலோரத்து மந்தைவெளியை நாம் எங்ஙனம் சுத்தம் செய்வோம்? ஆகவே மண்ணில் வித்து விழாமல் காப்பதே வழி.

குறிகள் ஏமாற்றும் இடம்

திடீர் மரணம் யாவும் அடைப்பான் அன்று. மாட்டை மாய்க்கும் வேறு காரணங்களையும் விவசாயிகள் அறிந்திருத்தல் நலம்.

1. சப்பை நோய். மழைக்காலத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு, மூன்று வயது வரையுள்ள, நல்ல சதைப்பிடிப்பான கன்றுகளுக்கே இது அதிகமாக வரும். கன்று திடீரென நொண்டும், காய்ச்சல் காணும். தொடை, சப்பை, தோள் முதலிய சதையுள்ள இடங்களில் வீக்கம் உண்டாகும். அது முதலில் சூடாகவும் வலியுள்ளதாகவும் இருந்து, பின்பு குளிர்ந்து உணர்ச்சியற்றுப் போகும். கையால் அமுக்கினால் உள்ளே காற்று இருப்பதுபோல் நறநறவென்று ஓசை கேட்கும். ஓரிரு நாட்களில் மரணம்.

2. தொண்டை அடைப்பான். பெயரில் அடைப்பான் என்றிருப்பினும் இது வேறு கிருமியால் வருவது. எருமைகளை மிகுதியும் தாக்கும். மழை தொடங்கும் காலத்தில் கடுங்காய்ச்சல், வாயில் எச்சில் ஒழுகல், தொண்டையிலும் தாடையின் கீழும் வீக்கம், குறட்டை விடுவது போன்ற மூச்சு ஆகியவை தோன்றி, ஒரு நாளைக்குள்ளாகவே பிராணி மூச்சுத் திணறி இறக்கும்.

3. சோளப்பயிர் விஷம். இளஞ்சோளமும், மழையின்றி வாடிக் குறுகிய சோளமும், மறுதாம்பில் துளிர்த்த சோளமும் தம்முள் ஒரு கொடிய விஷத்தை வைத்திருக்கும். அதை மேய்ந்த சில நிமிஷங்களிலேயே மாடு வாயைத் திறந்து மூச்சிழுத்துத் தள்ளாடி விழும். இதில் இரத்தமும் கண்சவ்வும் கருநிறமாக அன்றிப் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கும். பயிரை நசுக்கி ஒரு குப்பியிலிட்டு, சோடியம் பிக்ரேட்டு மருந்தில் தோய்த்த மஞ்சள் காகிதத்தை அதனுள் தொங்கவிட்டால், விஷமிருப்பின் காகிதம் செங்கல் நிறமாக மாறும். பயிரையே பரிசோதிக்கும் எளிய முறை இது.

4. விரியன் கடி. கடிவாயில் வீக்கம் காணும். இரத்தம் உறையாதிருத்தல் இதற்கும் அடைப்பானுக்கும் பொதுவான குறி. நான் ஏமாந்த இடம் இதுவே.

இங்ஙனம் ஒரே குறி இரண்டு நோய்களுக்கு உரியதாய் இருப்பதும், ஒரே நோய் இரண்டு மாடுகளில் இரண்டு விதமாகத் தோன்றுவதும் உண்டு. அனுபவசாலியான வைத்தியரும் வெளிக்குறியை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லத் தயங்குவார். குறிகள் சந்தேகத்தை எழுப்பும். அதைத் தீர்க்கும் சக்தி அவற்றுக்கு இல்லை.

ஒரு துளி இரத்தம்

சந்தேகத்தைத் தீர்ப்பது இரத்தப் பரிசோதனை. காதின் ஓரத்திலுள்ள நரம்பைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய படலமாக இழுத்து உலரவிடுவார்கள். குத்திய இடத்தைக் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் உடனே அடைத்துவிடுவார்கள். இது மிருக வைத்தியரோ, அவரால் பழக்கப்பட்ட கால்நடை ஊழியரோ கையுறை அணிந்து செய்யவேண்டிய வேலை. விவசாயிகள் தாமே செய்ய முற்படலாகாது.

அவ்விரத்தப் படலத்துக்கு மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைப் பழக்கிய பக்குவத்தில் ஊற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அடைப்பான் கிருமிகள் முனைகள் சதுரமாக வெட்டிய நீலக் கோல்களைப்போல் தொடர் தொடராகக் காணப்படும். ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பு உறை ஒன்று தெரியும். அந்த இளஞ்சிவப்பு உறையே நிச்சய அடையாளம். லண்டன் ராயல் மிருக வைத்தியக் கல்லூரியின் தலைவராயிருந்த மக்ஃபாடியன் 1903ஆம் வருஷத்தில் வெளியிட்ட இம்முறை இன்றும் கைவிடப்படவில்லை. தொண்டை அடைப்பானாயின் இரு முனைகளில் மட்டும் சாயம் ஏறி நடு வெளுத்த சிறு கிருமிகள் தென்படும். சப்பை நோய்க்கு வீக்கத்திலிருந்து ஊசியால் எடுத்த நீரைப் பார்ப்பார்கள். மேலும் உறுதி வேண்டின், பெரிய பரிசோதனைச் சாலைகளில் கிருமியை வளர்த்தும், அதன் மரபணுவைக் கண்டறிந்தும் முடிவு சொல்வார்கள்.

இதில் விவசாயிகள் அறியவேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, காலம். மாடு இறந்து நேரமாக ஆக, உடல் அழுகி, வேறு கிருமிகள் பெருகி, அடைப்பான் கிருமிகளை மறைத்துவிடும். காலையில் சொல்லியனுப்பினால் தெரியக்கூடியது மறுநாள் தெரியாமற் போகலாம். இரண்டாவது, மருந்து. உயிரோடிருக்கும் மாட்டுக்குப் பென்சிலின் முதலிய ஊசி போட்டபின் இரத்தத்தை எடுத்தால், கிருமிகள் மறைந்து பரிசோதனை பொய்த்துவிடும். ஆகையால் முதலில் இரத்தம், பிறகு ஊசி. இரண்டுக்கும் இடையில் சில நிமிஷங்களே வேண்டும். முடிவு வரும்வரை சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை. யாரேனும் முன்னரே ஊசி போட்டிருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை

அடைப்பான் கண்ட மாட்டுக்குச் சிகிச்சையே இல்லை என்று நினைப்பது தவறு. காய்ச்சல் தொடங்கிய உடனே பென்சிலின் அல்லது ஆக்ஸிடெட்ராசைக்ளின் மருந்தைத் தக்க அளவில் செலுத்தினால் பிழைக்கும் மாடுகள் உண்டு. விழுந்துவிட்ட மாட்டைக் காப்பது அரிது. ஆகவே மந்தையில் ஒன்று இறந்தவுடன், எஞ்சியவற்றின் உடற்சூட்டைக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து வருவதே சிறந்த உபாயம். 103 டிகிரிக்கு மேல் ஏறிய மாட்டை அக்கணமே தனியே கட்டி வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தெர்மாமீட்டரின் விலை ஒரு நாள் பாலின் விலைக்கு மிகாது.

சப்பை நோய்க்கும் தொடக்கத்திலேயே பென்சிலின் பயன்படும். வீக்கம் குளிர்ந்துவிட்டால் பலனில்லை. தொண்டை அடைப்பானுக்கு சல்பா மருந்துகளும் ஆக்ஸிடெட்ராசைக்ளினும், மூச்சு முட்டுமுன் செலுத்தப்பட்டால், குணந்தரும். சோள விஷத்துக்கு சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பின் வழியே செலுத்தப்படும்; இதில் நிமிஷக் கணக்கில் உயிர் ஊசலாடும். இவையெல்லாம் வைத்தியர் கையால் நடக்க வேண்டியவை. நோய்க்கு நோய் மருந்து வேறுபடுவதால், காரணத்தை அறியாமல் கையில் கிடைத்ததைப் போடுவது பொருளுக்கும் பொழுதுக்கும் நஷ்டமே.

இறந்த உடலை அடக்கஞ் செய்தல்

அடைப்பான் என்று சந்தேகிக்கும் உடலை அறுத்தல், உரித்தல், இறைச்சியைப் பங்கிடுதல் கூடவே கூடாது. வைத்தியர் வரும்வரை நாய், காகம், கழுகு அணுகாதபடி தார்ப்பாய் கொண்டு மூடி ஆள் வைக்க வேண்டும். துவாரங்களைக் கிருமிநாசினியில் தோய்த்த பஞ்சால் அடைக்கச் செய்து, தரையில் இழுக்காமல் வண்டியிலேற்றிக் கொண்டுபோக வேண்டும். போதிய விறகு கிடைக்குமிடத்தில் சாம்பலாகும்வரை எரித்துவிடுவது சாலச் சிறந்தது. இயலாவிடில், கிணற்றுக்கும் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் தூரமான மேட்டு நிலத்தில், உடலின்மேல் ஆறு அடி மண் நிற்கும்படி ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். இரத்தம் படிந்த மண்ணையும், அம்மாடு மிச்சம் வைத்த வைக்கோலையும் அதனுடன் சேர்த்துவிட வேண்டும். அவ்விடத்தை முள்வேலியிட்டு அடையாளம் வைத்து, எக்காலத்தும் மாடு மேயவிடலாகாது. நோய் கண்ட மாட்டின் பாலை மனிதரும் கன்றும் உண்ணலாகாது.

மனிதருக்கு வரும் ஆபத்து

உரித்தவர், சுமந்தவர், இறைச்சியைக் கையாண்டவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கை, முகம், கழுத்து முதலிய இடங்களில் அரிப்புடன் ஒரு சிறு பரு தோன்றும். அது கொப்புளமாகி, உடைந்து, நடுவில் கறுத்த பொருக்காகும்; சுற்றிலும் வீங்கும். வலியில்லாமையே இதன் வஞ்சகம். சிகிச்சையின்றி விட்டால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். காலத்தில் மருந்து பெற்றவர்கள் அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். இறைச்சியை உண்டவர்களுக்கு வயிற்றுவலியும் இரத்தபேதியும், தோலின் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நெஞ்சு நோயும் உண்டாகலாம். இவை மிகக் கொடியவை. இத்தகையோர் ஆஸ்பத்திரியில், "இறந்த மாட்டைத் தொட்டேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அவ்வொரு வார்த்தை வைத்தியருக்குப் பாதி பரிசோதனைக்குச் சமானம்.

தடுப்பு ஊசி

1881ஆம் வருஷத்தில் பாஸ்டர் பலர் முன்னிலையில், தடுப்பு மருந்து பெற்ற ஆடுகளுக்கும் பெறாத ஆடுகளுக்கும் ஒருங்கே அடைப்பான் கிருமியைச் செலுத்திக் காட்டினார். பெற்றவை நின்றன, பெறாதவை மாண்டன. அதற்குப்பின் ஸ்டெர்ன் என்பவர் 1930ஆம் வருஷங்களில் தென்னாப்பிரிக்காவில் கண்ட மருந்தே இக்காலத்தில் உலகெங்கும் மாடுகளுக்குப் பயன்படுவது. நம் நாட்டில் இராணிப்பேட்டையில் 1932ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

அடைப்பான் முன்பு கண்ட ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை இவ்வூசி போடவேண்டும். சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். அடைப்பான் தடுப்பு மருந்து உயிருள்ள வித்துக்களால் ஆனது. ஆதலால் பென்சிலின் போன்ற மருந்தின் வேகம் உடலில் இருக்கும் நாட்களில் அதைப் போட்டால் பயனற்றுப் போகும். ஊசியின் பலன் சித்திக்க ஏறக்குறைய இரண்டு வாரமாவது ஆகும் என்பதையும் நினைவில் வைத்து, நோய் வருமுன்னரே போட்டுக்கொள்வது விவேகம்.

ஊசியால் ஒரு நோய் ஒழியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வார்த்தை. மாட்டு மந்தைகளைக் கூண்டோடு அழித்து வந்த வெக்கை நோயை நம் பாட்டனார் காலத்தில் அறியாதார் இலர். ஊசியாலும் இடைவிடாத கண்காணிப்பாலும் அது பூமியிலிருந்தே நீங்கிற்றென்று 2011ஆம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது.

கிராம அதிகாரிகளின் கடமை

2009ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, இத்தகைய நோய் கண்டதாகச் சந்தேகிக்கும் உடையவர் கிராம அதிகாரிக்கு அல்லது பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அருகிலுள்ள மிருக வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று எண்ணலாகாது. மாடு போனதைச் சொன்னால் தொல்லை வரும் என்று குடிகள் மறைப்பதும், மறைத்ததால் நோய் பரவுவதும் நாம் காணும் விஷயங்கள். அதிகாரி கடிந்து பேசாமல் இருந்தால்தான் குடியானவர் தாமே வந்து சொல்லுவார். உரிக்கும் தொழிலாளிக்கும் அவருடைய தினக்கூலியை உடையவரோ ஊராரோ கொடுத்து, "இதைத் தொடவேண்டாம்" என்று சொல்லுதல் நியாயமும் சிக்கனமும் ஆகும்.

முடிவாக

2014ஆம் வருஷத்தில், மழைக்குப்பின், அதே கிராமத்தில் அதே வாய்க்காலுக்குச் சமீபத்தில் ஒரு பசு இறந்தது. உடையவர் முன்பு எருதை இழந்த அதே குடியானவர். இம்முறை துவாரங்களில் இரத்தம் இல்லை. வயிற்று உப்புசம் என்றே பலர் சொன்னார்கள். அவர் யார் சொல்லையும் கேளாமல் பசுவின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, மகனை மிருக வைத்தியரிடம் அனுப்பினார். கண்ணாடித் துண்டில் நீலக் கோல்களும் இளஞ்சிவப்பு உறையும் தெரிந்தன. பசுவை அறுக்காமல் எரித்தார்கள். மந்தையை இடம் மாற்றினார்கள். காய்ச்சல் கண்ட ஒரு கிடாரிக்குச் சிகிச்சை நடந்து அது பிழைத்தது. மற்றவற்றுக்கு ஊசி போட்டார்கள். அவ்வருஷம் அவ்வூரில் இறந்த மாடு அது ஒன்றே. மனிதர் எவருக்கும் புண் இல்லை.

முதல் வருஷத்துக்கும் பிந்திய வருஷத்துக்கும் உள்ள வேற்றுமை, கத்தி எடுத்ததும் எடுக்காததுமே. ஆகையால் விவசாயிகள் தங்கள் கொட்டகையில் ஒரு தெர்மாமீட்டரும், மனத்தில் ஒரு விதியும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். காரணம் தெரியாமல் திடீரென இறந்த மாடு எதுவாயினும், இரத்தத்தைப் பார்த்து வைத்தியர் சொல்லும்வரை அது அடைப்பானால் இறந்ததாகவே கொள்ளவேண்டும் என்பதே அவ்விதி.